மலையில் தெரியும் எடை

நைனார்பாளையத்திலிருந்து கல்வராயன் மலைக்குக் காரில் கிளம்புகிறவர்கள் சின்னசேலம், கச்சிராயபாளையம் தாண்டும்வரை வண்டியின் எடையை நினைப்பதே இல்லை. கோமுகி அணைக்கு அப்பால் வெள்ளிமலை ஏற்றம் தொடங்கியதும் எஞ்சின் முனகுகிறது. கை தானாக கியரைக் குறைக்கிறது.

ஒரு காலத்தில் குடும்பக் கார் என்றால் மாருதி 800. எடை சுமார் 650 கிலோ. இன்று தெருவுக்குத் தெரு நிற்கும், 4 மீட்டருக்கு உட்பட்ட சிறிய எஸ்.யூ.வி.க்கள் பல 1,100 கிலோவைத் தாண்டுகின்றன. ஏர்பேக், கெட்டியான எஃகு, பெரிய சக்கரம் எல்லாம் சேர்ந்த எடை அது; வீண் கனம் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் கணக்கு கணக்குதான். 1,200 கிலோ காரை 600 மீட்டர் உயரத்துக்குத் தூக்க, சுமார் 2 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வேண்டும். ஐந்து பேரும் பைகளுமாக 400 கிலோ ஏறினால் அதில் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். கடைத்தெரு நெரிசலில் நின்று நின்று நகரும்போதும் இதே கதைதான்.

இறக்கம்தான் பெரிய சோதனை. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறும்; கருகல் வாசனை வரும், பிடிப்பு குறையும். இரண்டாவது கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் கெட்டிக்காரர்களுக்கு ஒரு செய்தி: இன்றைய எஞ்சின்களில் கியரோடு இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால், பெட்ரோல் வரத்தே நின்றுவிடும்.

முழுச் சுமைக்கான டயர் காற்றழுத்தம், பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவோரத் தூணில் ஒட்டியிருக்கும். கிளம்பும் முன் அதைப் பார்த்துக் காற்று அடித்துக்கொள்ளுங்கள்.