ஊழியம் செய்யப் பிறந்தவனுக்கு ஊழியத்தைக் கற்பிப்பது எப்படி?

(முன்னாள் மாணவர் கூடுகையில் ஆற்றிய உரை)



"பணிவிடைத் தலைமை பற்றிப் பேசுங்கள்" என்று செயலாளர் கடிதம் எழுதியிருந்தார். தலைமைத்துவம் என்றால் இப்போதெல்லாம் திரையில் படம் போட்டுக் காட்டுகிறார்கள். எனக்கு அது வராது. தெலுங்கு நாட்டுக் கிராமங்களில், புதிதாக விசுவாசத்துக்கு வந்த குடும்பங்களோடு பதினெட்டு வருஷம் இருந்தேன். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

அந்தப் பக்கம் போகிற நம்மவர் யாருக்கும் வழிகாட்டி வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-ல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1903-ல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்கள் காசில், தங்கள் ஆட்களை வைத்து இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது முன்னின்றவர்களில் ஒருவர். 1909-ல் தாமே தோர்ணக்கல்லுக்குப் போய்விட்டார். 1910-ல் எடின்பரோ மாநாட்டில் எழுந்து நின்று, உங்கள் தியாகத்தை நாங்கள் மறக்கவில்லை, ஆனால் எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்ற பொருளில் வெள்ளைக்கார மிஷனெரிகளிடம் கேட்டாரே, அவர்தான். இரண்டே வருஷத்தில், 1912 டிசம்பரில், கல்கத்தாவில் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர்.

கேட்டவரே நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. இனி அவர் எப்படி நடந்துகொள்வார் என்று எல்லோரும் பார்த்திருப்பார்கள்தானே? அவர் மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் கிராமம் கிராமமாகப் போனார். (கண்டிப்பான மனுஷர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பணிவு என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று நினைக்கிறவர்களுக்காக.)

தோர்ணக்கல் இன்று தெலங்கானாவில் மகபூபாபாத் மாவட்டம். அன்று நிஜாம் சமஸ்தானம். சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள். 'வெட்டி' என்ற கூலியில்லா வேலை அவர்கள் தலையில் இருந்த காலம். தலைவர் என்றால் அவர்கள் கண்ட ஒரே உருவம் 'தொர' என்கிற நிலக்கிழார்தான். அவர் உட்கார்ந்திருப்பார், மற்றவர்கள் நிற்பார்கள். அவ்வளவுதான் தலைமை.

இங்கேதான் சிக்கல். என் முதல் பயிற்சி வகுப்பில், இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியதை விளக்கினேன். தலைவன் வேலைக்காரனைப் போல இருக்க வேண்டும் என்றேன். பின்னால் உட்கார்ந்திருந்த கூலியாள் ஒருவர் மெதுவாக எழுந்தார். "அய்யகாரு, எங்க தாத்தா வேலைக்காரர், எங்க அப்பா வேலைக்காரர், நானும் அதுதான். நான் எப்போ எஜமானா இருந்தேன், இப்போ இறங்கி வர்றதுக்கு?" என்றார்.

தம்பிகளே, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பணிவிடைத் தலைமையைப் பற்றி யாரும் புத்தகம் எழுதக்கூடாது என்பது என் கட்சி. குனிந்தே பழகியவனிடம் போய் இன்னும் குனி என்றால் அது சுவிசேஷமாகுமா? தொர சொன்னதையே நாம் ஜெபத்தோடு சேர்த்துச் சொல்வதாகும்.

அசரியா செய்ததை இந்தக் கண்ணோடு பார்த்தால் புரியும். ஞானஸ்நானம் பெறுகிறவர் தன் தலைமேல் கையை வைத்து, சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்று பவுலின் வார்த்தையைச் சொல்லி உறுதி எடுக்க வேண்டும். அதுவரை யாரோ சொன்னதைக் கேட்டு மட்டுமே பழகிய வாய் அது. அன்றைக்கே அதற்குச் சொல்லும் பொறுப்பு வந்துவிடுகிறது. காணிக்கையும் அப்படித்தான். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னார். பிச்சை வாங்குகிறவர்கள் என்று ஊரே ஒதுக்கிய மக்கள் கொடுக்கிறவர்கள் ஆனார்கள். அழுக்கு, நோய், கடன், குடி என்ற நான்கையும் எதிர்த்துப் போராடச் சொன்னார். நிமிர்ந்து நின்றவன்தானே தன் விருப்பத்தோடு குனிய முடியும்? இயேசுவும் தாம் ஆண்டவர் என்று அறிந்துதான் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

எனவே எங்கள் பயிற்சியை இரண்டாகப் பிரித்தோம். வாத்தியார், வங்கி குமாஸ்தா, இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர், நான், எல்லோரும் ஒரு வருஷம் ஆலயம் பெருக்க வேண்டும், தண்ணீர் சுமக்க வேண்டும், கூட்டத்தில் கடைசியாகத்தான் பேச வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், வாசிக்கப் படிக்க வேண்டும், கமிட்டிக்குத் தலைமை தாங்க வேண்டும், காணிக்கையை எண்ணிக் கரும்பலகையில் எழுத வேண்டும். இரண்டாம் வருஷம் வேலைகள் கைமாறும். குமாஸ்தா முதல் மாதத்திலேயே சண்டை போட்டார். "படிச்சவன் விளக்குமாறு பிடிக்கணும், கைநாட்டு கணக்கு எழுதணுமா?" என்றார். ஆமாம் என்றோம். நான்கு மாதம் அவர் வரவே இல்லை. அவர் குடும்பத்தை இழந்துவிடுவோமோ என்று எங்களுக்கு உள்ளூரப் பயம்தான். ஆனாலும் முறையை மாற்றவில்லை. கணக்கு எழுதிய அம்மாள் ஒரு நாள் அவர் வீட்டுக்கே போய், "அண்ணய்யா, பின்னம் எனக்கு வரல, சொல்லிக் கொடுங்க" என்று கேட்டார். மறு ஞாயிற்றுக்கிழமை குமாஸ்தா வந்துவிட்டார்.

ஆறு மாதத்தில் மைக்கையும் பட்டத்தையும் கையில் கொடுத்து ஒருவரை 'பாஸ்டர்' ஆக்கிவிடும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. அவருக்கும் நல்லதல்ல, சபைக்கும் நல்லதல்ல. புதிதாக விசுவாசத்தில் சேர்ந்தவரை உடனே கண்காணியாக வைக்காதே என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருப்பது சும்மா அல்ல. அதற்காகப் பத்து வருஷம் மூலையில் உட்கார வைப்பதும் சரியல்ல. அசரியா காத்திருக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த கிராம ஆசிரியர்களை உருவாக்கினார். குருத்துவப் பயிற்சிக்கு வந்தவர்களின் மனைவிமாருக்கும் கல்வி கொடுத்தார். 1945 ஜனவரி முதல் தேதி அவர் மறைந்தபோது, வெளிநாட்டார் இல்லாமலே நடக்கக்கூடிய சபைகள் அங்கே இருந்தன.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒரே ஒரு விண்ணப்பம். வருகிற மே மாதம் கணக்கும் எழுத்தும் சொல்லிக் கொடுக்க இங்கிருந்து நான்கு மாணவர்கள் வேண்டும். தெலுங்கு பத்து நாளில் காதுக்குப் பழகிவிடும். போன அன்றே கையில் விளக்குமாறு கொடுப்பார்கள், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ரயில் கட்டணத்தைச் சங்கம் ஏற்கும் என்று பொருளாளர் தலையாட்டியிருக்கிறார். இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன், இனி அவர் தப்ப முடியாது. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பாருங்கள்.