செல்லுக்கு எவ்வளவு இடம் வேண்டும்?



தாலுகா அலுவலகத்தில் ரப்பர் ஸ்டாம்பை மைப்பெட்டியில் ஒற்றித் தாளில் குத்துவதைப் பார்த்திருப்பீர்கள். 1993-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் வைட்சைட்ஸும் அமித் குமாரும் அதே வேலையைத்தான் செய்தார்கள். ஆனால் அவர்களுடைய ஸ்டாம்பில் இருந்த கோடுகள் ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் பல அடங்கிவிடும் அளவுக்கு நுண்ணியவை. மைக்குப் பதில் தொட்டுக்கொண்டது, தங்கத்தில் பட்டதும் பற்றிக்கொள்ளும் ஒரு கந்தகச் சேர்மம்.

அந்த ஸ்டாம்பு சிலிக்கோன் ரப்பரால் ஆனது. ஒளி பட்டால் மாறும் பூச்சைக் கொண்டு சிலிக்கன் தகட்டில் முதலில் மேடு பள்ளங்களை உருவாக்குவார்கள். பத்துப் பங்கு ரப்பர் கூழுக்கு ஒரு பங்கு இறுகவைக்கும் மருந்து சேர்த்துக் கலக்கினால் குமிழ் குமிழாக நுரைக்கும். வெற்றிடத்தில் வைத்துக் குமிழ்களைப் போக்கி, தகட்டின் மேல் ஊற்றி, சூடாக்கி, ஓரத்தில் கத்தி கொடுத்து மெல்ல உரித்தால், வளைந்துகொடுக்கும் அச்சு கைக்கு வரும். ஒரு குமிழ் தங்கினாலும் அந்த இடத்தில் கோடு சரியாகப் பதியாது.

இதெல்லாம் எதற்கு? உடம்பிலிருந்து எடுத்த செல்லைப் பிளாஸ்டிக் தட்டில் வளர்க்கும்போது, அது ஒட்டுவதற்கு முன்பே திரவத்திலுள்ள புரதங்கள் பரப்பில் படிந்துவிடுகின்றன. செல் பற்றுவது அந்தப் புரதத்தைத்தான். ஆகவே புரதம் படியும் இடத்தை ஸ்டாம்பால் முடிவுசெய்தால், செல் உட்காரும் இடமும் முடிவாகிவிடுகிறது. படியக் கூடாத இடத்தில் பாலிஎத்திலீன் கிளைக்கால் வகைச் சேர்மம் பூசுவார்கள். அது தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். புரதத்துக்கு அங்கே இடம் கிடைக்காது.

இந்த வித்தையால் விடை கிடைத்த கேள்விகளில் மிக அழகானதைச் சொல்லியே ஆக வேண்டும். 1978-ல் ஜூடா ஃபோக்மனும் ஆன் மாஸ்கோனாவும், மென்மையான கான்டாக்ட் லென்ஸ் செய்யும் பாலிமரைத் தட்டில் பூசிப் பார்த்தார்கள். பூச்சு தடிக்கத் தடிக்கச் செல் சரியாக ஒட்டாமல் உருண்டு நின்றது, பெருகுவதும் குறைந்தது. விரிய முடியாததாலா, பற்றிக்கொள்ளப் போதிய பிடி இல்லாததாலா? இரண்டும் சேர்ந்தே நடந்ததால் பிரித்தறிய வழியில்லை.

1997-ல் கிறிஸ்டோபர் சென், ஃபோக்மனிடம் பணியாற்றிய டொனால்ட் இங்பர், வைட்சைட்ஸ் ஆகியோர் அடங்கிய குழு வழி கண்டது. ரத்த நுண்குழாய்ச் செல்களுக்காக ஃபைப்ரோநெக்டின் என்ற புரதத்தைத் தீவு தீவாகப் பரப்பில் அமைத்தார்கள். பெரிய தீவில் உட்கார்ந்த செல்கள் விரிந்து பெருகின. மிகச் சிறிய தீவில் சிக்கியவற்றில் பல தங்களையே அழித்துக்கொண்டன. அடுத்ததாக, 5 மைக்ரான், 3 மைக்ரான் விட்டமுள்ள பொட்டுகளை நெருக்கி நெருக்கி அமைத்தார்கள்.

நேயர்களே, இங்கேதான் கவனிக்க வேண்டும். செல் ஒரு பொட்டிலிருந்து அடுத்த பொட்டை எட்டிப் பிடித்து, நடுவிலிருந்த ஒட்டாத இடத்தையும் தாண்டி விரிந்தது. புரதத்தைத் தொட்ட மொத்தப் பரப்பு ஏறக்குறைய அதேதான். விரிவு மட்டும் கூடியது. செல் பிழைத்தது! ஊட்டம் மாறவில்லை, புரதமும் மாறவில்லை. கை கால் நீட்ட இடம் கிடைத்ததா என்பதே வாழ்வையும் சாவையும் தீர்மானித்தது.

2004-ல் சென் குழுவினர் மனித எலும்பு மஜ்ஜையின் தண்டு செல்களைப் பிடித்தார்கள். 1,024 சதுர மைக்ரான் தீவில் அடைபட்டவை கொழுப்புச் செல்லாகும் பக்கம் சாய்ந்தன. 10,000 சதுர மைக்ரான் கிடைத்தவை எலும்புச் செல்லாகும் பக்கம் போயின. ஊற்றிய திரவம் ஒன்றே.

நேரம் நெருங்குகிறது, கல்லீரலைப் பற்றி மட்டும் சொல்லிவிடலாம். கல்லீரல் செல்கள் தட்டுக்கு வந்த சில நாட்களிலேயே தங்கள் வேலையை மறந்துவிடும். இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் சங்கீதா பாட்டியாவும் சல்மான் கேதானியும் கொலாஜனை அரை மில்லிமீட்டர் வட்டங்களாக இட்டு, அவற்றில் கல்லீரல் செல்களைக் குடியமர்த்தி, சுற்றிலும் துணைச் செல்களை நிரப்பினார்கள். வாரக்கணக்கில் அவை வேலை செய்தன. 2008-ல் அது வெளியானது; பின்னர் அதே ஏற்பாட்டில் மலேரியா ஒட்டுண்ணியையும் வளர்த்தார்கள்.

சென்னைக்காரர்களுக்குப் பழக்கமான வைவாக்ஸ் மலேரியா, கல்லீரலில் பதுங்கிக் கிடந்து மாதங்கள் கழித்துக் காய்ச்சலாகத் திரும்பும். பதுங்கியிருக்கும் அந்தக் கிருமியை எட்டும் மருந்துகள் மிகச் சிலவே. புதியவற்றைச் சோதிக்க உயிருள்ள கல்லீரல் செல் வேண்டும்; அது இப்போது ஒரு தட்டில், வட்டம் வட்டமாகக் காத்திருக்கிறது. அங்கிருந்து எல்லோருக்கும் எட்டும் விலையில் ஒரு மருந்து வரட்டும்.