ஜீப்புக்குள் ஒரு பைபர் பெட்டி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"தொழில் அனுபவம் பற்றிப் பத்து நிமிஷம் பேசு" என்றார் சங்கச் செயலாளர். கம்பெனி வேலையைப் பற்றிப் பேசினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். அதனால் சம்பளம் வாங்காமல் செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன். அதில் நான் செய்த தப்பும் இருக்கிறது.

நம் செட்டில் படித்த நண்பன் ஒருவன் கல்வராயன் மலையில் ஜீப் ஓட்டுகிறான். கச்சிராயப்பாளையத்தில் கிளம்பி, கோமுகி அணையைத் தாண்டி மலையேறி, கரியாலூர் வழியாக வெள்ளிமலை. ஆஸ்பத்திரிக்குப் போகும் பிள்ளைத்தாய்ச்சி முதல் மரவள்ளி மூட்டை வரை எல்லாம் அவன் வண்டியில்தான். "மாப்ள, பாட்டு நல்லா இருந்தா நாலு பேரு கூட ஏறுவாங்கடா. ஒரு பேஸ் பெட்டி செஞ்சு குடு. ஆனா ஒரு சீட்டு கூட போவக்கூடாது" என்றான்.

பிளைவுட்டில் சதுரப் பெட்டி செய்தால் ஒரு ஆள் உட்காரும் இடம் போய்விடும். மிச்சம் இருந்தது பின் சக்கரத்துக்கு மேலே வளைந்து கிடந்த மூலைதான். அந்த வளைவுக்குள் பொருந்த வேண்டுமானால் பைபர் கிளாஸ்தான் வழி. புதுசு ஒன்றும் இல்லை. 1953-இல் அமெரிக்காவில் வந்த கார்வெட் காருக்கும், 1982-இல் பெங்களூரில் சிபானி கம்பெனி விட்ட டால்பின் காருக்கும் பாடியே பைபர்தான்.

வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தது கல்லூரி அல்ல (சார் மன்னிக்கணும்). கடலூரில் பைபர் படகுக்கு ஒட்டுப் போடும் ஒரு அண்ணன். அவர் முதல் நாளே சொன்னார்: "தம்பி, கோபால்ட்டை முதல்ல ரெசின்ல கலக்கி முடிச்சிடு. அப்புறம்தான் கேட்டலிஸ்ட். ரெண்டையும் நேரா ஒண்ணோட ஒண்ணு சேத்தா வெடிச்சிடும்." மாணவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி, கையுறை, காற்றோட்டமான இடம், இந்த மூன்றும் இல்லாமல் டப்பாவைத் திறக்காதீர்கள்.

மூலை முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி, மெழுகு தடவி, அதன்மேல் நார் மேட்டும் ரெசினும் நாலு அடுக்கு. காய்ந்ததும் தட்டித் தட்டிக் கழற்றினால், அந்த மூலையின் அச்சு கைக்கு வந்துவிடும். ஸ்பீக்கர் உட்கார 18 மில்லிமீட்டர் எம்.டி.எப். பலகையில் வளையம். வளையத்துக்கும் ஓட்டுக்கும் இடையே பழைய பனியன் துணியை இழுத்துக் கட்டி ரெசின் பூசினால் முன்பக்கமும் உருவாகிவிடும். பிறகு உள்ளேயிருந்து மேட் ஒட்டிக் கனமாக்க வேண்டும். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதுபோலத் தட்டினேன். வளைந்த இடம் கெட்டியாக இருந்தது. தட்டையான இடம் மட்டும் அதிர்ந்தது. அங்கே இன்னும் ரெண்டு அடுக்கு.

இப்படிக் கோணல்மாணலாக இருக்கும் பெட்டியின் கொள்ளளவை எப்படி அளப்பது? லிட்டர் மக்கில் மக்காச்சோளத்தை அள்ளிக் கொட்டினேன். 14 லிட்டர் பிடித்தது. ஸ்பீக்கரின் வாஸ் 40 லிட்டர், க்யூ.டி.எஸ். 0.4. மூடிய பெட்டிக்கு 0.7 என்ற அளவு வேண்டுமானால் 19 லிட்டர் தேவை. 14-இல் அது கிட்டத்தட்ட 0.79. பேஸ் கொஞ்சம் தூக்கலாகக் கேட்கும், அவ்வளவுதான். தலையணைப் பஞ்சை லேசாகத் திணித்தேன், ஓரளவு அடங்கியது. வாஸ், க்யூ.டி.எஸ். எல்லாம் தீல், ஸ்மால் என்ற இருவர் பெயரில் வழங்கும் அளவுகள். தீலின் கட்டுரை 1961-இல் ஆஸ்திரேலியாவில் வந்தது.

மலையே அதிர்ந்தது. எனக்கும் பெருமை தாங்கவில்லை.

ஒரு மாதம் கழித்து இரவில் போன். மூடுபனியில் ஒரு கொண்டை ஊசி வளைவு, எதிரே மேலேயிருந்து லாரி. லாரிக்காரர் ஹாரன் அடித்திருக்கிறார், இவனுக்குக் கேட்கவில்லை. கடைசி நொடியில் மலைப்பக்கம் ஒடித்துச் சக்கரத்தைக் கால்வாயில் இறக்கிவிட்டான். உள்ளே 9 பேர். யாருக்கும் காயம் இல்லை. "உன்னைக் குத்தம் சொல்லல மாப்ள" என்றான். அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

ஓங்கி ஒலிக்கும் பேஸ் தன்னைவிட உயர்ந்த சுருதியையும் அமுக்கிவிடும். இது நான் படித்ததுதான். வண்டிக்குள் என்ன கேட்கவேண்டும் என்று தசம புள்ளி வரை கணக்குப் போட்டவன், வெளியிலிருந்து அவன் காதுக்கு என்ன வந்து சேரவேண்டும் என்று ஒரு வரி கூட எழுதவில்லை.

அடுத்த ஞாயிறே மலைக்குப் போனேன். ஆம்ப்ளிபயரின் ரிமோட் ஒயரைப் பிரித்து, ஹாரனுக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் வைத்தேன். ஒயரோடு சேர்த்து நூறு ரூபாய்கூட ஆகவில்லை. இப்போது அணையைத் தாண்டியதும் அணைத்துவிடுகிறான், கரியாலூர் வந்ததும் போடுகிறான். "ஏன் சாமி, பாட்டு நல்லாத்தானே இருந்துச்சு, எதுக்கு நிறுத்திட்ட?" என்று ஒரு பாட்டி கேட்டாராம். "ஆரன் சத்தம் கேக்கணும் பாட்டி" என்றானாம். "அப்போ நீயே பாடு" என்று சொல்லிவிட்டாராம். பாடிக்கொண்டுதான் ஓட்டுகிறான். அவன் பாட்டைக் கேட்டவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். மலை மக்களை நினைத்து வருந்துகிறேன்.

பெட்டியின் அளவுகளையும் கணக்கையும் ஒரு நோட்டில் எழுதி மெக்கானிக்கல் லேபில் கொடுத்திருக்கிறேன். சுவிட்ச் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.