உறைபனியும் கணப்பும்



தமிழில் 'பனி' என்னும் சொல் சுமக்கும் சுமை பெரிது. புல் நுனியில் நிற்கும் துளியும் பனி. வழியை மறைக்கும் வெண்புகையும் பனி. இமயத்தில் பொழிவதும் பனி. உடல் நடுங்கினால் பனித்தது என்பது பழைய வழக்கு. கண்ணில் நீர் துளிர்த்தாலும் கண் பனித்தது என்பர். கிறிஸ்துமஸ் நெருங்கும் நாள்களில் இதழ்களில் வரும் கவிதைகளில் இச்சொல் இன்னும் கலங்கிப் போகிறது. கடற்கரை ஊரில் எழுதப்பட்ட பாட்டிலும் கூரைமேல் பனி பொழிகிறது, புகைபோக்கி புகைகிறது. வாழ்த்து அட்டையிலிருந்து இறங்கி வந்த பனி அது. கிறிஸ்து பிறப்பைக் கூறும் லூக்கா நற்செய்தியில் பனிப்பொழிவு பற்றிய சொல் ஒன்றுகூட இல்லை. இரவில் வயல்வெளியில் தங்கி மந்தையைக் காத்த இடையர்களே இருக்கின்றனர். பனியைச் சேர்த்தது வட ஐரோப்பா. அங்கே அது உண்மை. அட்டையைப் பார்த்து எழுதும் கவிஞனுக்குத்தான் அது கடன்.

கடன் வாங்க வேண்டிய தேவையும் இல்லை. தமிழகத்திலேயே டிசம்பரில் புல் உறையும் ஊர் உண்டு. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகமண்டலம் அது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்ததும் அங்கே முதலில் நீர்ப்பனி விழும், பின்னர் உறைபனி. இவ்விரு சொற்களும் நீலகிரி மக்கள் நாள்தோறும் வழங்குபவை. ஒரே 'பனி'யை எல்லாவற்றிற்கும் நீட்டும் கவிஞர்கள் இவ்வேறுபாட்டை மலைமக்களிடம் கற்கலாம்.

உறைபனி வானத்திலிருந்து விழுவதன்று. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிடுகிறது. புல்லின் மேற்பரப்பு உறைநிலைக்குக் கீழே போனதும், அதைத் தொடும் காற்றின் ஈரம் அங்கேயே பளிங்காகப் படிகிறது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே மேட்டில் இருக்கும் வீட்டைவிடப் பள்ளத்துப் புல்வெளியே முதலில் வெளுக்கும். உதகையில் குதிரைப் பந்தயத் திடலும், தாவரவியல் பூங்காவின் புல்தரையும், தலைக்குந்தாவும் விடியலில் வெள்ளையாக நிற்பதற்குக் காரணம் இதுவே. மலையேறினால் குளிர் கூடும் என்று மட்டும் அறிந்தவருக்கு இது வியப்பளிக்கும்.

அவ்வூரின் டிசம்பர் நாள் ஒன்று எவ்வாறு விடிகிறது? வெள்ளைத் தரைமேல் நடந்தால் காலடியில் நொறுங்கும் ஓசை கேட்கும். நிறுத்தி வைத்த காரின் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம். கம்பளித் தொப்பி காதை மூட, தேநீர்க் கடை முன் நிற்பவர்கள் குவளையை உடனே பருகுவதில்லை. இரு உள்ளங்கைகளுக்கு இடையே வைத்துக்கொண்டு நிற்கின்றனர். முதலில் கை குடிக்கிறது, பிறகே வாய். அடுமனையில் விறகு அடுப்பிலிருந்து வர்க்கி வெளிவருகிறது. அடுக்கடுக்காக உதிரும் அப்பண்டம் சமவெளியிலும் கிடைக்கிறது. ஆனால் விரல் விறைத்த காலையில் சூடாக உடைத்துத் தின்னும்போதுதான் அதன் சுவை முழுமை பெறுகிறது. ஒன்பது மணியளவில் வெயில் சாலையில் இறங்கும். கோடை முழுவதும் நிழலைத் தேடும் தமிழர், இங்கே நிழலை விட்டு வெயிலை நோக்கி நாற்காலியை நகர்த்துவர். பள்ளி விடுமுறைக்குள் கிறிஸ்துமஸ் வந்துவிடும். வாசலில் காகித விண்மீன், அறையில் குடில், கேக்கின் மணம். இரவில் கீதபவனி வரும் இளைஞர்கள் போர்வையோடு பாடுகின்றனர். பாடும் வாயிலிருந்து ஆவி எழுகிறது. கதவு திறக்கும் வீட்டார் பாட்டையும் குளிரையும் சேர்த்தே உள்ளே அழைக்கின்றனர்.

இந்த இன்பத்தைத் தமிழ் இலக்கணம் அறிந்திருந்தது. மலையும் மலை சார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்குக் கூதிரோடு முன்பனியையும் உரிய பொழுதாகத் தொல்காப்பியம் வகுத்தது. குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல். குளிர், மலை, நெருக்கம் ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் வைத்த அறிவு இது. மார்கழியும் தையும் முன்பனி. ஆகக் கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள்கள் அப்பொழுதின் வாயிலிலேயே அமைகின்றன. எனினும் அற்சிரம் என்னும் அப்பருவத்தைப் பாடிய சங்கத் தலைவியர் பலரும் பிரிந்தவனை எண்ணி வருந்துபவர்களாகவே இருக்கின்றனர். இலக்கணம் நெருக்கத்துக்கு ஒதுக்கிய காலம் தனித்திருப்பவளுக்கே மிகுதியாகக் குளிர்கிறது.

வீட்டுக்குள் குளிரை எதிர்கொள்ளும் வாழ்வை விரிவாகக் காட்டும் பாட்டு நெடுநல்வாடை. அங்கே நிகழ்வது முன்பனியன்று, கூதிர். ஆயினும் நக்கீரர் காட்டும் வீட்டுப் பொருள்கள் இப்பொழுதுக்கும் பொருந்தும். சந்தனம் அரைக்கும் கல் வேலையின்றிக் கிடக்கிறது. விசிறி சுருக்கித் தொங்கவிடப்பட்டிருக்கிறது. சன்னல் கதவுகள் அடைபட்டிருக்கின்றன. குவிந்த வாய்க் கலத்தின் தண்ணீரை யாரும் நாடுவதில்லை. அகன்ற வாயுடைய தடவில் நெருப்பு கனல்கிறது. குளிரால் நெகிழ்ந்த யாழ் நரம்பை ஆடல் மகளிர் தம் மார்பின் வெம்மையால் சரிசெய்கின்றனர். வெப்ப நாட்டுப் புலவன் குளிரை இத்தனை நுணுக்கமாகப் பார்த்திருப்பது வியப்பே. பயன்படாமல் கிடக்கும் பொருள்களைக் கொண்டே குளிரைச் சொல்லிவிடுகிறான். கவிஞர்கள் அப்பகுதியை மீண்டும் ஒருமுறை படித்தல் நன்று.

அப்பாட்டின் அரண்மனையில் வசதிக்குக் குறைவில்லை. ஆனால் தந்தக் கால் கட்டிலில் அரசி துயிலாது கிடக்கிறாள். அரசனோ பாசறையில் நள்ளிரவு வாடையில் விளக்கு அலைய, புண்பட்ட வீரர்களைக் கண்டு நடக்கிறான். தொடக்கத்திலேயே மழைக்கு ஒதுங்கிய ஆயர்கள் கையில் கொள்ளியோடு கன்னம் நடுங்க நிற்கின்றனர். உள்ளே இருப்பவளின் கட்டிலுக்கு அருகே, வெளியே நிற்பவனின் குளிரையும் நக்கீரர் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

1843 டிசம்பரில் லண்டனில் வெளிவந்த சார்லஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' கதையிலும் இதே ஏற்பாடு காணப்படுகிறது. நிலக்கரிப் பெட்டியை முதலாளி ஸ்குரூஜ் தன் அறையில் வைத்துக்கொள்கிறார். எழுத்தர் கிராட்சிட் மெழுகுவர்த்திச் சுடரில் குளிர்காய முயல்கிறார். பின்னால் வரும் விருந்தும் அடுப்பும் இனிப்பது அந்த மெழுகுவர்த்தி நினைவில் நிற்பதால்தான். மேலைநாட்டுக் கிறிஸ்துமஸிடமிருந்து கடன் வாங்குவதானால் பொழியும் பனியை விட்டு இதனை வாங்கியிருக்கலாம்.

தமிழ் வழக்கு இதில் கடுமையாகவே இருக்கிறது. 'குளிர்காய்தல்' என்பது தூய இன்பத்தைக் குறித்த சொல். இன்றோ பிறர் துன்பத்தில் பயனடைபவரைச் சுட்டுவதற்கே அது மிகுதியும் பயன்படுகிறது. அரசரைச் சார்ந்து ஒழுகுவோர்க்கு நெருப்பின் முன் அமர்பவரை உவமையாக்கினார் வள்ளுவர். அது எச்சரிக்கையேயன்றிப் பழியன்று. மேடைப் பேச்சும் செய்தித்தாளும் அச்சொல்லைப் பழிச்சொல்லாக்கி விட்டன. அதன் முதற்பொருளை மீட்கும் உரிமை கவிஞருக்கு உண்டு; மீட்கும்போது பிற்பொருளை மறக்கவும் இயலாது. உதகையின் கணப்பே அதற்குச் சான்று.

1819க்குப் பின் ஜான் சல்லிவனும் அவரைத் தொடர்ந்த ஆங்கிலேயரும் அம்மலையில் தம் நாட்டைக் கண்டனர். வீடுகளில் கணப்பு வைத்தனர். 1829இல் அடிக்கல் நாட்டப்பட்ட புனித ஸ்தேவான் ஆலயத்தின் மரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்புவின் அரண்மனையிலிருந்து மலையேற்றப்பட்டவை. கணப்புக்கு விறகு வேண்டும், சோலைக்காடு போதவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் தைல மரமும் 19ஆம் நூற்றாண்டில் வந்தன. சோலை மரங்களின் இளங்கன்றுகள் திறந்த புல்வெளியின் உறைபனியைத் தாங்குவதில்லை. காட்டுப் பூவரசு போன்ற சிலவே அங்குத் தலைநிமிரும். புல்வெளி புல்வெளியாக நீடித்ததில் உறைபனிக்கும் பங்கு உண்டு என்பர் தாவரவியலார். அப்பனிக்கு அஞ்சாத சீகை புல்வெளியில் பரவியது. தோதவர்களின் எருமைகள் மேய்ந்த நிலம் அது. அறைக்குள் ஒருவர் காலை நீட்டிக் குளிர்காய்ந்ததன் விலை மலையின் உருவத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

தோதவர் குளிரை வென்ற வழி வேறு. மந்துகளில் உள்ள அவர்களின் பழைய குடில் அரைவட்டமாக வளைந்த கூரையுடையது. குனிந்து தவழ்ந்தே நுழையத்தக்க சிறு வாயில். சிறு வாயில் வழியே வெப்பம் எளிதில் வெளியேறாது. வெண்துணியில் சிவப்பும் கருப்புமாகப் பூவேலை செய்த பூத்துக்குளியைப் போர்த்திக்கொள்வர். அப்பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைக் கொண்டாடும் புலவர்கள் இப்போர்வையை இன்னும் போதிய அளவு பாடவில்லை.

கரிநெருப்பைச் சட்டியில் இட்டு அறையை முழுதும் அடைத்துத் துயில்வது உயிருக்கே கேடு. அந்நெருப்பு வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சன்னலில் ஓர் இடைவெளி விட்டாலும் அந்நெருப்போடு துயிலக் கூடாது.

பயணியர் படமெடுக்கும் வெண்பனிக் காலையில் சிறு தேயிலை விவசாயி தோட்டத்துக்கு விரைகிறார். உறைந்த கொழுந்தின்மேல் வெயில் பட்டால் இலை கருகும். பிறகு பல வாரங்களுக்குப் பறிக்க ஒன்றும் இராது. சூரியன் மேடேறுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்க முயல்வர். நாற்றுகளையும் பூஞ்செடிகளையும் முந்தின மாலையிலேயே மிலாறும் தழையும் இட்டு மூடிவைத்திருப்பர். விறைத்த விரல்களால் அத்தழையை விலக்கி, ஒவ்வொரு செடியாகப் பார்க்கும் பெண்களின் குரல்கள் பள்ளத்திலிருந்து மேலே கேட்கும். பத்து மணிக்கு வெள்ளை முழுதும் மறைந்துவிடும். கருகிய வரிசை எது, தப்பிய வரிசை எது என்பது அப்போது தெரியும்.