திராட்சைத் தோட்டத்து பம்பும் பாசி பிடித்த சுவரும்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம், கம்பத்திலோ தேனியிலோ ஒரு வாட்டர் சர்வீஸ் கடை முன்னால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பைக்குகள், டிராக்டர், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் எல்லாம் வரிசை கட்டி நிற்கும். தண்ணீர் பீய்ச்சும் கன்னைப் பிடித்திருக்கும் பையனின் கையைக் கவனியுங்கள். மட்கார்டு அடியில் கெட்டிச் சேறு என்றால் பக்கத்தில் போகிறான். சங்கிலி, பேரிங் பக்கம் வந்ததும் கை தானாக விலகுகிறது. ஸ்டிக்கர் மேல் சாய்த்துப் பிடிக்கிறான். அவனுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. இன்று நான் பேச வந்தது அந்தக் கை விலகலைப் பற்றித்தான்.

இப்போது வீட்டுச் சுவர், மொட்டை மாடி, வாசல் கற்களைக் கழுவித் தருவதைத் தொழிலாகவே எடுக்கலாமா என்று இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். அடுத்த கேள்வி, "எத்தனை பார் மிஷின் வாங்கலாம் சார்?" என்பதுதான். கேள்வி அங்கேயே கோணலாகிவிடுகிறது.

பார் என்றால் ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு கிலோ. நம் மெக்கானிக்குகள் கிலோ என்றே சொல்வார்கள். பத்து மீட்டர் உயரத்தில் உள்ள தொட்டித் தண்ணீர் கீழே குழாயில் தருவது ஒரு பார். கடையில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு மிஷின் 130 பார் என்கிறது. அது கார் டயரில் உள்ள காற்றைப் போல ஏறக்குறைய 60 மடங்கு அழுத்தம். ஆனால் அது நிமிஷத்துக்குக் கொடுக்கும் தண்ணீர் ஆறேழு லிட்டர்தான். அழுத்தம் அழுக்கைப் பெயர்க்கும். பெயர்ந்ததை இழுத்துக்கொண்டு போவது தண்ணீரின் அளவு. இந்த இரண்டாவதை அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

1950இல் ஜெர்மனியின் ஆல்ஃப்ரெட் கார்ச்சர், சுடுநீரைப் பீய்ச்சிக் கழுவும் இயந்திரத்தை ஐரோப்பாவில் முதன்முதலாகக் கொண்டுவந்தார். நம் கம்பம் பள்ளத்தாக்குக்கு அந்த வித்தை வேறு வாசல் வழியாக வந்தது: திராட்சைத் தோட்டம். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டிப் பக்கம் போனால் பந்தலோரத்தில் பித்தளைத் தலையோடு ஒரு பம்பு, பெல்ட் மாட்டி, டிரம்முக்குள் குழாய் விட்டு நிற்கும். எச்.டி.பி. பம்பு என்பார்கள், படுக்கைவாட்டில் மூன்று பிஸ்டன். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தக் கொடிக்கு மருந்து அடிக்கும் கருவி இது. அதே பம்புதான் பல ஊர்களில் வாட்டர் சர்வீஸ் கடையிலும் ஓடுகிறது. அழுத்தம் 20, 30 கிலோ அளவில்தான். ஆனால் நிமிஷத்துக்கு 20 லிட்டருக்கு மேல் தண்ணீர் தள்ளும் பம்பு உண்டு. டிரம்மிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். குழாயில் தண்ணீர் வராத நாளிலும் வேலை நிற்காது. வாஷர் தேய்ந்தால் மாற்றித் தர உள்ளூரிலேயே ஆள் உண்டு. ஆகவே, புதிதாக இறங்குகிறவர் முதலில் உரக்கடைக்கும் பம்பு மெக்கானிக்கிடமும் போகட்டும் என்பது என் கட்சி.

ஆனால் சிமெண்ட் தளத்தில் வருஷக்கணக்கில் ஏறிய கறையை எச்.டி.பி. பெயர்க்காது. அதற்கு 130 பார் மிஷின் வேண்டும், நாசில்களும் வேண்டும். சிவப்பு நாசில் தண்ணீரை விரிக்காமல் ஊசியாக விடும். பச்சை 25 பாகை, வெள்ளை 40 பாகை விரிக்கும். சிவப்பை நான் பெட்டியிலேயே பூட்டி வைத்துவிட்டேன். காரணம் உண்டு. எங்கள் தாத்தா வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் பாசியை எடுக்கிறேன் என்று அதை மாட்டி ஒரே இழுப்பு இழுத்தேன். பாசி போனது, அதோடு பூச்சும் போய்ச் செங்கல் தெரிந்தது. இன்றைக்கும் அந்தக் கோடு இருக்கிறது, விருந்தாளிகள் விசாரிக்கிறார்கள். அதே சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கல் பொடியும் கலந்த காரையால் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895 முதல் நிற்கிறதே என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அங்கே தண்ணீர் சாய்ந்து நிற்கிறது, ஊசியாகக் குத்தவில்லை.

கோயில்களில் நடந்தது இதைவிடப் பெரிய நஷ்டம். கல் தூண்களை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்ததில் சிற்பத்தின் மூக்கும் கல்வெட்டின் எழுத்தும் மழுங்கின. பிறகுதான் அந்த முறைக்குத் தடை வந்தது. பழைய கல்லுக்கு முன்னால் மிஷினோடு போகாதீர்கள், கூலி எவ்வளவு தந்தாலும்.

சுவருக்கும் ஓட்டுக்கும் ஏற்ற வழி சாஃப்ட் வாஷ். பெயர்தான் புதிது. மருந்தை மெல்லத் தெளித்து, காத்திருந்து, பிறகு அலம்புவது. கொரோனா காலத்தில் தெருத் தெருவாக அடித்தார்களே, அதே சோடியம் ஹைப்போகுளோரைட்தான். கேனில் 10 சதவீதம் இருந்தால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர், கொஞ்சம் சோப்புத் திரவம். வீட்டுச் சுவருக்கு இது போதும். பத்து நிமிஷம் ஊறட்டும், காயவிடக் கூடாது. கறுத்துக் கிடந்த பாசி கண் முன்னாலேயே வெளுக்கும். கீழே இருக்கிற கறிவேப்பிலைக்கும் ரோஜாவுக்கும் முன்னும் பின்னும் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். கேனை நிழலில் வையுங்கள், சித்திரை வெயிலில் அதன் வீரியம் இறங்கிவிடும்.

தெளிக்க, 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர் ஒன்று போதும். புதியதாக வாங்குங்கள். களைக்கொல்லி அடித்த ஸ்பிரேயரை அலம்பிவிட்டுப் பயன்படுத்தினால் வாசல் செடியெல்லாம் வாடும். ஹைப்போவை எச்.டி.பி. பம்புக்குள்ளும் விடாதீர்கள், பித்தளையையும் ரப்பரையும் தின்றுவிடும். இரண்டு வேலைக்கும் இரண்டு தனித்தனி செட்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கக்கூஸ் டைல்ஸுக்கு ஊற்றும் ஆசிட்டும் இந்த மருந்தும் ஒரே தரையில் சந்திக்கவே கூடாது. கிளம்பும் குளோரின் வாயு நெஞ்சை அடைத்துவிடும். ஒரே வாளியில் அல்ல, ஒரே நாளில்கூட வேண்டாம். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். காற்றைப் பார்த்து அடிக்கும் புத்தியை மட்டும் நம் ஊர் விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனி ஆடியில் கம்பம் கணவாய்க் காற்று எதிரே நின்றவன் முகத்தில் மருந்தைக் கொண்டுவந்து அறையும் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

மின்சார மிஷினுக்கு 30 மில்லியாம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் இல்லாமல் சுவிட்சைப் போடாதீர்கள். தண்ணீர் ஊசி தோலுக்குள் ஏறிவிட்டால் வெளியே சிறு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை கெடும். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

போர்த் தண்ணீரில் மணல் இருந்தால் நுழைவாயில் ஃபில்டர் கட்டாயம். வேலை முடிந்ததும் மோட்டாரை நிறுத்தி, குழாயை மூடி, கன்னை ஒருமுறை அழுத்தி உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தத்தை இறக்கிவிடுங்கள். நான் சொன்ன அந்தப் பையன் ராத்திரி கடைசி ஜீப்பை அனுப்பிவிட்டு இதைத்தான் செய்தான். பிறகு ஒரு மக்கில் தண்ணீர் மொண்டு, ஊரையெல்லாம் கழுவிய பம்பின் எண்ணெய்ப் பிசுக்கைக் கையால் தேய்த்துக் கழுவினான். மறுநாள் அதற்கும் சந்தனப் பொட்டு வைக்க வேண்டுமே.