விமானம் ஏன் விழுந்தது?



ஓர் ஆகாய விமானம் விழுந்துவிட்டால் மறுநாளே காரணம் சொல்ல ஆயிரம் பேர் கிளம்பிவிடுகிறார்கள். விதி என்பான் ஒருவன். ராகுகாலத்தில் புறப்பட்டது என்பான் இன்னொருவன். இவர்களுக்குப் பதில் சொல்ல நாம் இன்று வரவில்லை. இயந்திரம் தெரிந்த யோக்கியர்களே அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்ல வந்தோம்.

1954 ஜனவரி 10-ந் தேதி, காமெட் என்னும் பிரிட்டிஷ் ஜெட் விமானம் ரோமாபுரியிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிற்று. சுமார் 20 நிமிஷத்திற்கெல்லாம் எல்பா தீவுக்குப் பக்கத்தில் துண்டு துண்டாகக் கடலில் விழுந்தது. அதிலிருந்த 35 பேரும் மாண்டார்கள். வெடிகுண்டு என்றார்கள் சிலர். தீ என்றார்கள் சிலர். கம்பெனியார் காமெட்டுகளை நிறுத்தி வைத்தார்கள். அதுவரையில் சரி. பிறகு என்ன செய்தார்கள்? கடலில் கிடந்த துண்டுகளை முழுவதும் எடுப்பதற்கு முன்பே, இதுவாக இருக்கலாம், அதுவாக இருக்கலாம் என்று தோன்றியதற்கெல்லாம் ஒவ்வொரு திருத்தம் செய்து, தீக்குத்தான் அதிக இடமுண்டு என்ற எண்ணத்தோடு, மார்ச்சு 23-ந் தேதி மறுபடியும் பறக்க விட்டார்கள். ஏப்ரல் 8-ந் தேதி நேபிள்ஸுக்குப் பக்கத்தில் இன்னொரு காமெட் விழுந்தது. 21 பேர் செத்தார்கள். இந்த 21 பேரைக் கொன்றது எந்த விதி, தோழர்களே? "இருக்கலாம்" என்பதை "இதுதான்" என்று வைத்துக்கொண்டதல்லவா கொன்றது?

அதற்குப் பிறகுதான் ஃபார்ன்பரோவில் உட்கார்ந்து சோதித்தார்கள். காமெட் 35,000 அடிக்கு மேல் பறப்பது. அங்கே காற்று மெலிவு. ஆகவே ஆள் மூச்சு விடுவதற்காக உள்ளே காற்றை அழுத்தி அடைக்க வேண்டும். மேலே போனால் விமானத்தின் உடல் உப்பும், கீழே வந்தால் தளரும். இதையே தண்ணீரைக் கொண்டு செய்து பார்த்தார்கள். ஒரு காமெட்டின் உடலைப் பெரிய தொட்டிக்குள் வைத்து, உள்ளேயும் தண்ணீர் நிரப்பி, அழுத்துவதும் விடுவதுமாக இரவும் பகலும் நடத்தினார்கள். காற்றை அடைத்துச் சோதித்தால் கிழியும்போது குண்டு மாதிரி வெடித்துச் சாட்சியத்தையே சிதறடித்துவிடும். தண்ணீர் அப்படிச் செய்யாது. நல்ல யோசனை!

உங்கள் வீட்டு வாளிக் கம்பியை முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். பத்துத் தடவை தாங்கும், பிறகு முறியும். அதற்குப் பலமில்லை என்பதல்ல, களைத்துப் போயிற்று. தொட்டியிலிருந்த விமானமும் முன்பு பறந்ததும் சோதித்ததுமாகச் சுமார் 3,000 தடவை தாங்கி, ஜன்னல் மூலையில் கிழிந்தது. கடலிலிருந்து எடுத்த எல்பா விமானத்தின் கூரைத் துண்டிலும் ஒரு திறப்பின் மூலையில் அதே வெடிப்பு. அது பறந்தது 1,290 தடவைதான்.

பிறகு தகட்டைத் தடிப்பாக்கினார்கள், ஜன்னலையும் மாற்றினார்கள். 1958 அக்டோபரில் புதிய காமெட் அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் பிரயாணிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

சந்தேகம் கேட்க விரும்பும் தோழர்கள் இப்பொழுது எழுந்து கேட்கலாம்.