வேலை குறைந்தது, தட்டு குறையவில்லை!

(தோட்டத் தாய்மார் கூட்டமொன்றில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



"மலை ஏறி இறங்குற நமக்கு எங்க ஐயா உடம்பு போடும்?" என்று பலரும் நம்மிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நாள் முழுக்கக் கொழுந்து பறிப்பவருக்குச் சாப்பிட்டது செலவாகிவிடும். ஆனால் வேலையிலிருந்து நின்று லயத்தில் இருப்பவர்? காவல் வேலை செய்பவர்? கடையில் உட்கார்ந்திருப்பவர்? அவர்களுக்கு வேலை குறைந்துவிட்டது. தட்டில் மட்டும் பழையபடி அதே மூன்று ரொட்டி! அந்த மிச்சம்தான் வயிற்றில் சேருகிறது.

இது அழகைப் பற்றிய பேச்சல்ல. வயிற்றுக் கொழுப்பு கூடினால் சீனி வருத்தம், பிரஷர், மாரடைப்பு எல்லாம் வரக்கூடும். தையல் நாடாவால் விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீற்றரையும், ஆண்களுக்கு 90 சென்டிமீற்றரையும் தாண்டினால் கவனம் தேவை. கை கால் மெலிந்தவருக்கும் தொந்தி இருக்கலாம்.

முதலில் தேத்தண்ணியைப் பார்ப்போம். கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி சீனி, நாளைக்கு ஆறு கோப்பை என்றால் 18 கரண்டி. மாதத்துக்கு ஒருவரே 2 கிலோவுக்கு மேல் சீனி குடிக்கிறார்! நாளைக்கு ஆறு கரண்டிக்குள் நிற்பது நல்லது. ஒரேயடியாக விட வேண்டாம். கிழமைக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். கடைக் கணக்கும் குறையும்.

அடுத்தது தட்டு. பாதித் தட்டில் கீரையும் மரக்கறியும், கால்வாசியில் சோறு அல்லது ரொட்டி, மீதிக் கால்வாசியில் பருப்பு, கடலை, முட்டை, நெத்தலி என்று ஏதாவது ஒன்று. லயத்து வாசலில் இரண்டு பாத்தி கீரை போட்டால் காசும் மிச்சம்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. எல்லாரும் சாப்பிட்ட பிறகு, வீணாகக் கூடாதென்று மிச்சத்தையெல்லாம் நீங்களே சாப்பிடுகிறீர்கள். அளவாகச் சமையுங்கள். மிஞ்சினால் கோழிக்குப் போடுங்கள். உங்கள் வயிறு குப்பைத்தொட்டி இல்லை!

ஆனால் பட்டினி கிடக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் மெலிந்த பிள்ளைகளும் சாப்பாட்டைக் குறைக்கவே வேண்டாம். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் கிளினிக்கில் கேட்டுவிட்டுச் சாப்பாட்டை மாற்றுங்கள்.

மலைக்குப் போகாதவர்கள் கிழமைக்கு ஐந்து நாள், நாளைக்கு 30 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும். முதலில் பத்து நிமிடம் போதும். பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு கோயில் வரை போய் வாருங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் மேட்டை விட்டுவிட்டு மட்டமான ரோட்டில் நடக்கலாம். நெஞ்சு வலித்தால் உடனே நின்று, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைந்தாலே பிரஷருக்கும் சீனிக்கும் நல்லது. அது ஒரு மாதத்தில் நடக்க வேண்டியதில்லை, மெதுவாக நடக்கட்டும். ஒருவருக்காகத் தனியாகச் சமைக்க முடியாது. ஆகவே வீடு முழுக்க ஒன்றாக மாறுவோம். இன்று மாலைத் தேத்தண்ணியிலேயே அரைக் கரண்டியைக் குறைத்துத் தொடங்குவோம்.